ஐந்தாவது சாப்பாட்டு டப்பா

ஒரு கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று முதலாளியைக் கேட்டால் ஒரு எண் வரும். வேலை செய்கிறவர்களைக் கேட்டால் வேறு எண் வரும். கணக்கு அக்கா இரண்டு தரப்பையும் கேட்க மாட்டாள். வந்த கையோடு நேரே பின்பக்கம் போவாள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் எந்தக் கடையிலும் ஒரு பலகையோ அலமாரியோ இருக்கும். சாப்பாட்டு டப்பாக்கள் அதில்தான் இருக்கும். அவற்றை விரல் நீட்டி எண்ணிவிட்டு வந்து பையைத் திறப்பாள். "முதலாளிங்களுக்கு மறதி ஜாஸ்தி. டப்பாவுக்கு மறதி கிடையாது" என்பாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஐம்பத்து நாலு வயது, தடித்த கண்ணாடி, இரண்டு பேனா செருகிய துணிப்பை, மழையானாலும் வெயிலானாலும் அதே கறுப்புக் குடை. ரொட்டிக் கடை, சலவைக் கடை, அச்சகம், டயர் கடை என்று பதினோரு சின்னக் கடைகளுக்குச் சம்பளப் பட்டியல் எழுதுவது அவள் பிழைப்பு. தனியாக ஒரு கணக்கரை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாத கடைகள். எல்லோரும் சேர்ந்து ஒரு அக்காவை வைத்துக்கொண்டார்கள்.

சம்பளப் பட்டியல் பெரிய வித்தை இல்லை. கடைக்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு தொங்கியது அரசாங்க மருத்துவக் காப்பீட்டுத் தாளுக்காக. சட்டம் சின்னதுதான். ஒரு கடையில் ஐந்து பேர் வேலை செய்தால் கடை காப்பீட்டுக்குள் வந்துவிடும். ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கு பிடித்து, முதலாளி தன் கையிலிருந்து இரண்டு பங்கு போட்டு, மாதம் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டினால் ஆளுக்கு ஒரு அட்டை. அந்த அட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். நாலு பேர்தான் என்றால் கட்ட வேண்டியதில்லை. ஆனால் நாலுதான் என்று மாதாமாதம் ஒரு தாளில் எழுதி, முதலாளியும் தாளை நிரப்பியவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஆக, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் அந்தத் தெருவின் தகராறெல்லாம் நடந்தது.

ரொட்டிக் கடைக்காரரோடு அவள் போட்ட சண்டை ஊரறிந்தது. சைக்கிளில் வீடு வீடாக ரொட்டி போடும் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். தாளில் அவர் இல்லை. அக்கா டப்பாக்களை எண்ணிவிட்டு வந்து, "இவரு யாரு?" என்றாள்.

"அவரு நம்ம ஆள் இல்லக்கா. சும்மா வந்து போறவரு."

"சும்மாவா? சரி, மூணே கேள்வி. எங்க நிக்கணும், என்ன செய்யணும்னு அவருக்குச் சொல்றது யாரு?"

"நான்தான்."

"எத்தனை மணிக்கு வரணும்னு சொல்றது?"

"அதுவும் நான்தான். இல்லன்னா ரொட்டி ஆறிடுமே."

"மாசம் பொறந்தா சம்பளம் குடுக்கறது?"

ரொட்டிக்காரர் கல்லாப் பெட்டியைப் பார்த்தார். "மூணும் நீங்கதான்னா அவரு உங்க ஆள். உங்க சித்தப்பாவா இருந்தாலும் உங்க ஆள்" என்று எழுதிவிட்டாள். மனிதர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறு வருஷம் பெரியவர் சைக்கிளோடு விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டபோது அட்டைதான் காப்பாற்றியது. அன்றிலிருந்து ரொட்டிக்காரர், தன் தாராள மனசால்தான் பெரியவரைச் சேர்த்துவிட்டதாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். அக்கா அதைத் திருத்தவில்லை. எண் சரியாக இருந்தால் அவளுக்குப் போதும், பெருமையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு கறாரான பொம்பளை ஒரே ஒரு கடையில் ஆறு வருஷம் தப்பாக எண்ணினாள். அந்தக் கடை சோபாப் பட்டறை.

பழைய சோபாக்களைப் பிரித்து, சட்டத்தை இறுக்கி, புதுப் பஞ்சு வைத்து, புதுத் துணி போர்த்தித் தருகிற இடம் அது. நீளமான கூடம், ஒரு பக்கம் துணி உருளைகள், ஒரு பக்கம் எலும்பும் தோலுமாக நிற்கும் சோபாக்கள், காற்றில் எப்போதும் பஞ்சுத் தூசி. வேலைக்கு நாலு பேர். அவர்களுக்கு முதலாளி வைத்த பட்டப்பெயரே பெயராக நிலைத்துவிட்டது: துணி வெட்டுகிறவர் கத்தரி, தைக்கிற பெண் ஊசி, பஞ்சு அறுக்கிறவர் பஞ்சு, மரச்சட்டம் அடிக்கிறவர் சுத்தி. முதலாளி குடியிருந்தது மாடியில். சாப்பாட்டுக்குப் படியேறிப் போய்விடுவார். அதனால் அலமாரியில் அவருக்கு டப்பா கிடையாது.

அக்காவின் புருஷன் பஸ் கம்பெனியில் மெக்கானிக். அவர் இருந்தவரை அவருடைய அட்டையிலேயே அவளுக்கும் வைத்தியம் நடந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் அவளோடு நின்றது இந்த சோபா முதலாளிதான். மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். காலி வீட்டில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தால் அக்காவுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒரு வருஷம் தட்டுத் தடுமாறினாள். முதலாளி அதைக் கவனித்துவிட்டு, "வீட்ல உக்காந்து எழுதறதை இங்க உக்காந்து எழுதுங்கக்கா. ஒரு மேசை சும்மாதான் கிடக்கு" என்றார்.

மேசைக்கு வாடகையாகப் பட்டறைக் கணக்கைச் சும்மா எழுதிக் கொடுத்தாள். பிறகு பக்கத்தில் போன் அடித்தது, எடுத்துப் பேசினாள். பிறகு துணி ஆர்டர் போட்டாள், பில் போட்டாள், வாடிக்கையாளரை உட்கார வைத்துச் சமாதானம் சொன்னாள். "எட்டு மணிக்கு நீங்க இருந்தா நல்லதுக்கா, ஜனங்க வந்து நிக்கறாங்க" என்றார் முதலாளி. எட்டுக்கு வந்தாள். இனாமாக வேலை வாங்குவது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும், ஒன்றாம் தேதி மேசை மேல் ஒரு கவர் வைத்தார். அடுத்த ஒன்றாம் தேதியும் வைத்தார். எட்டிலிருந்து ஒன்று வரை பட்டறை, மத்தியானம் மற்ற கடைகள் என்று ஆகிவிட்டது. 'வேலைக்கு வாங்க' என்று அவர் சொல்லவில்லை, 'வேலைக்கு வர்றேன்' என்று அவளும் சொல்லவில்லை. மாதாமாதம் தாளில் நாலு என்று எழுதி, பச்சை மூடி போட்ட தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த கடை டப்பாக்களை எண்ணக் கிளம்பினாள்.

போன கோடையில் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பிட்டு அரை மணியில் வரும், முதுகு வரை இழுக்கும். வாயு என்று ஒரு மாதம் ஓட்டினாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் கல் என்றார். "நாலைஞ்சு மாசத்துக்குள்ள எடுத்துடுங்கம்மா. விட்டா காமாலை, காய்ச்சல்னு பெருசாயிடும்."

அனுமதிச் சீட்டு எழுதும் ஜன்னலில் இருந்தவர் அட்டை கேட்டார். அவள் புருஷனுடைய பழைய அட்டையை நீட்டினாள்.

"இது செல்லாதும்மா. நீங்க எங்க வேலை செய்யறீங்க?"

"பதினோரு கடையில."

"சரி, அதுல எந்தக் கடை உங்களுக்குக் கட்டுது?"

அக்கா யோசித்தாள். "எதுவும் இல்ல."

"அப்ப வேலை இல்லைன்னு எழுதிக்கறேன்" என்று எழுதியே விட்டார். கைக்காசு போட்டுச் செய்தால் எவ்வளவு ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தார். அவள் பாங்கில் வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு.

பஸ்ஸில் வரும்போது வேலை இல்லை என்ற அந்த வார்த்தை அவளைக் குடைந்தது. இருபத்தாறு வருஷமாக ஒரு நாள் சும்மா இருந்தவளில்லை. பத்துக் கடைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அங்கெல்லாம் அவள் இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போவாள், எழுதிக் கொடுப்பாள், வருவாள். பதினோராவது கடைக்கு வந்தபோது மூன்று கேள்வியும் தானாக வந்து நின்றது. எங்கே உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது யார்? எத்தனை மணிக்கு என்று சொல்வது? ஒன்றாம் தேதி கவர் வைப்பது? அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள் உட்கார்ந்தே இருந்துவிட்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எழுதிக் குடுக்கறே. உன் பேரை எழுதினா பேனா முறிஞ்சிடுமா?"

"உனக்குத் தெரியாதுடி. நான் சேர்ந்தா அஞ்சாயிடும். அஞ்சானா அவர் எல்லாருக்கும் கட்டணும், பழைய பாக்கியோட."

"கட்டட்டுமே. நீ அவருக்கு வக்கீலா?"

"எழுபத்திரண்டு தாள்ல நாலுன்னு எழுதினது அவர் இல்ல. நான்."

கடன் வாங்கியாவது பணம் அனுப்புகிறேன் என்றாள் மகள். வீட்டுக் கடனில் கழுத்து வரை மூழ்கியிருந்த பெண். "நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம், குழந்தையைப் பாரு" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு அழுதாள்.

முதலாளியிடம் சொல்லிவிடுவதுதான் முறை. அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் மனிதர் அப்போதுதான் தவணையில் புதுத் தையல் மெஷின் வாங்கியிருந்தார். அவளை ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசாதவர். ஐந்து வாரத்தில் மூன்று தடவை அவர் முன்னால் போய் நின்றாள். மூன்று தடவையும் துணி விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினாள். இந்தப் பக்கம் பஞ்சு இருமிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் தூசியைத் தின்ற நெஞ்சு. மருந்துக் கடையில் வாயால் சொல்லி வாங்கிய மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த இருமல் அவள் காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு இருமலுக்கும் பேனா நின்றது.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். மகள் வயதுப் பெண். வணக்கம் சொன்னார், கோப்பை மேசையில் வைத்தார், யாரையும் எதுவும் கேட்காமல் நேரே பின்பக்கம் போனார். அக்காவுக்குச் சுருக்கென்றது. தொட்டிப் பக்கத்து அலமாரியின் முன் நின்று அந்தப் பெண் விரல் நீட்டி எண்ணுவது இங்கிருந்தே தெரிந்தது.

"டப்பா அஞ்சு இருக்கு. தாள்ல நாலுன்னு இருக்கே?"

முதலாளி சிரித்தார். அவர் சிரிப்பில் கள்ளம் இல்லை. "பச்சை மூடி எங்க கணக்கு அக்காவோடதும்மா. அவங்க வெளியாள். பதினோரு கடைக்கு எழுதறாங்க."

"ஓ, கணக்கு எழுதறவங்களா" என்று ஆய்வாளர் தலையாட்டினார். படிவத்தில் நாலு என்று எழுதினார். முதலாளி கையெழுத்துப் போட்டார். "தாளை நிரப்பறவங்க இங்க ஒண்ணு போடுங்க" என்று படிவம் அக்காவிடம் வந்தது.

போட்டுவிட்டால் முடிந்தது. முதலாளிக்கு நிம்மதி, அவளுக்கும் பழைய மரியாதை. கல்லுக்கு என்ன வழி என்று வேறு எங்காவது பார்த்துக்கொள்ளலாம். அவள் பேனா மூடியைக் கழற்றினாள். வெளியாள் என்ற சொல்தான் அவளை நிறுத்தியது. பேனாவை மூடிவிட்டாள்.

"அஞ்சும்மா" என்றாள்.

"என்னது?"

"நாலு இல்ல, அஞ்சு. நான் இவரோட ஆள்தான். ஆறு வருஷமா இதே மேசை. எட்டு மணிக்கு வரணும், அது இவர் சொன்னது. ஒண்ணாந்தேதி கவர், அது இவர் வைக்கறது. என்னைச் சேர்க்காம எழுதினது நான். இவருக்குச் சட்டம் சொல்ல வேண்டியவளே நான்தான், சொல்லல."

தையல் மெஷின் நின்றது. சுத்தி சுத்தியலைத் தூக்கியபடி நின்றார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

ஆய்வாளர் நிதானமானவர். எழுதிய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தார். நாங்கள் கண்டுபிடித்தால் ஆறு வருஷ பாக்கியும் அபராதமும். நீங்களாகச் சொன்னதால் ஒரு வருஷ பாக்கி மட்டும், அபராதம் இல்லை, தவணையில் கட்டலாம் என்றார். தாள் நிரப்பியவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். இன்னொரு தடவை நடந்தால் தாள் நிரப்பும் அனுமதியே போய்விடும். "அஞ்சு பேருக்கும் மூணு மாசம் விடாம கட்டினதும் அட்டை வரும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். அது அக்காவின் குடை. அவள் திருத்தி, அவருடையதை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் போன பிறகு முதலாளி மேசைக்கு வந்து நின்றார்.

"கூடவே இருந்து கழுத்தை அறுத்துட்டீங்களேக்கா. முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் தம்பி. அஞ்சு வாரமா நாக்கு எழும்பல. அது என் தப்புதான்."

"அஞ்சு வாரமா? அஞ்சு வாரத்துக்கு முன்னாடி என்ன வந்துச்சு?"

அவள் கல்லைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அப்ப உங்க கல்லை எடுத்து என் தலையில போட்டுட்டீங்க" என்றார். பின்னால் ஊசி களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைலருந்து நீங்க வர வேண்டாம். வேலையை விட்டு அனுப்பறதா ஒரு லெட்டர் அடிங்க, கையெழுத்துப் போடறேன்."

பட்டறைக் கடிதமெல்லாம் அடிப்பது அவள்தான். வேறு யாருக்கு அடிக்கத் தெரியும்? உட்கார்ந்து அடித்தாள். தேதி, விலாசம், இன்னாரைப் பணியிலிருந்து நீக்குகிறோம், காரணம் என்று போட்டு ஒரு வரி காலியாக விட்டாள். எழுத்துப்பிழை பார்த்துவிட்டு அவர் முன் வைத்தாள்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் தம்பி. ஆறு வருஷமா சொல்லாம விட்டது போதும். என்னை அனுப்பினா நாலாயிடும், கட்ட வேண்டாம்னு நினைக்காதீங்க. அஞ்சைத் தொட்ட கடை அதுக்கப்புறம் நாலானாலும் கட்டித்தான் ஆகணும். இவங்க நாலு பேருக்கும் அட்டை உண்டு. என்னை அனுப்பினா மிச்சமாகறது என் ஒருத்தி பங்குதான்."

"உங்களைக் காப்பாத்திக்கறதுக்காக இதைச் சொல்றீங்களா?"

"சட்டத்தைச் சொல்றேன். காரணம்னு ஒரு வரி விட்டிருக்கேன், அதை மட்டும் நீங்க எழுதணும். அதை நான் எழுத முடியாது."

அவர் பேனாவை எடுத்தார். அந்தக் காலி வரியை வெகுநேரம் முறைத்துப் பார்த்தார். பேனா முனையால் தாளை இரண்டு தடவை தட்டினார். "பாத்துக்கறேன்" என்று கடிதத்தைத் தன் மேசை இழுப்பறையில் தள்ளி மூடினார்.

வர வேண்டாம் என்றவர் கடிதம் கொடுக்காததால், அக்கா மறுநாள் எட்டு மணிக்கு வந்தாள். அவரும் போ என்று சொல்லவில்லை. மூன்று மாதம் ஓட வேண்டும். அதற்குள் அந்த இழுப்பறையிலிருந்து கடிதம் வெளியே வந்தால் நாலு பேருக்கு அட்டை கிடைக்கும், அவளுக்குக் கிடைக்காது. டாக்டர் சொன்ன கெடுவும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் முடிகிறது. அவள் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதை விட்டாள், அரை வயிறு சாப்பிட்டாள், நாட்காட்டியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு தினமும் பார்த்தாள்.

முதல் மாதத் தாளை எடுத்துக்கொண்டு போய், "நாலா, அஞ்சா தம்பி?" என்று கேட்டாள். அவர் துணி உருளையிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்த மாசம் அஞ்சு போடுங்க" என்றார். இந்த மாசம் என்பதை அழுத்திச் சொன்னார்.

இரண்டாவது மாதம் ஒரு ஓட்டலுக்குச் செய்ய ஒத்துக்கொண்ட நாற்பது நாற்காலி வேலை கைநழுவிப் போனது. முதலாளி கடுகடுவென்று இருந்தார். ஒரு நாள் காலையில் இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தார். அக்கா போனில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்ன விலையை மறந்து மறுபடி சொன்னாள். அவர் கடிதத்தை உள்ளே வைத்தார். அன்றைக்கென்று மத்தியானம் வலி வந்து அவளை மேசை மேல் கவிழ்த்துப் போட்டது. ஊசி ஓடி வந்து வெந்நீர் கொடுத்தாள். கத்தரி, பக்கத்தில் கிடந்த சோபாத் திண்டை எடுத்து நாற்காலியில் முட்டுக் கொடுத்தார். முதலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டு வெளியே போனார். அன்று அவள் மற்ற கடைகளுக்குப் போகவில்லை. சாயங்காலம் தாளை நீட்டியபோது, "அஞ்சு" என்று மட்டும் சொன்னார். இந்த மாசம் என்று சொன்னாரா என்று அவள் திரும்பத் திரும்ப யோசித்தாள். சொல்லவில்லை. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மாதம் ஒன்பதாம் தேதி அவள் எட்டு மணிக்கு வந்தபோது முதலாளி வெளியே போயிருந்தார். அவளுடைய மேசை நடுவில், அவளுடைய அடிக்கோலைப் பாரமாக வைத்து, ஒரு தாள் இரண்டாக மடித்துக் கிடந்தது. மடிப்புக்கு வெளியே அவள் அடித்த விலாசம் தெரிந்தது. பட்டறையின் பெயர், தேதி, மூன்று மாதம் பழைய தேதி. அவள் அடித்த கடிதம்தான்.

அவள் பிரிக்கவில்லை. ஒரு நாள் பாக்கி. ஒரே ஒரு தாள். பஞ்சு இருமலை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். அவரும் சுத்தியும் கடிதத்தைப் பற்றி அறிவார்கள், எல்லோரும்தான் அன்று கேட்டுக்கொண்டிருந்தார்களே. அக்கா இரண்டு பேனாவையும் பையில் செருகினாள். கால்குலேட்டரைப் போட்டாள். பின்பக்கம் போய் அலமாரியிலிருந்து பச்சை மூடி டப்பாவை எடுத்து வந்து அதையும் பையில் வைத்தாள். நாளைக்குக் கட்ட வேண்டிய தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், எண் எதுவானாலும் சரியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் கடிதத்தைப் பிரித்தாள்.

காரணம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. கையெழுத்தும் இல்லை. திருப்பினாள். பின்பக்கம் முழுக்க முதலாளியின் கோழிக் கிறுக்கல்: 'மூணு பேர் சோபா. நீளம் ஆறரை அடி. கை ரெண்டும் உருண்டை. திண்டு மூணு, மெத்துன்னு வேணுமாம். நீலத் துணி. அக்கா, பில் போட்டு வைங்க, மத்தியானம் வருவாங்க.'

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

முதலாளி பத்து மணிக்கு அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "அளவு படிக்க முடியுதாக்கா?"

"முடியுது. இது என்ன தாள்னு தெரியுமா தம்பி?"

"தெரியும். மூணு மாசமா யோசிச்சேன், அந்த ஒரு வரிக்கு எனக்கு எதுவும் தோணல. பின்பக்கம் காலியா இருந்துச்சு, குறிச்சேன்." பையிலிருந்து எட்டிப் பார்த்த பச்சை மூடியைக் கவனித்தார். "டப்பா ஏன் பையில இருக்கு? அதுக்குள்ள சாப்பிட்டாச்சா?"

"இல்ல" என்றாள் அக்கா. டப்பாவை எடுத்துக்கொண்டு போய், பஞ்சுவின் டப்பாவுக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து முதலில் பில் போட்டாள். பிறகு அந்த மாதத் தாளை எடுத்து ஐந்து என்று எழுதினாள். யாரையும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரி ஜன்னலில் அதே ஆள்தான் இருந்தார். அவருக்கு அவளை ஞாபகம் இல்லை. தாளைப் பார்த்தபடி, "எங்க வேலை செய்யறீங்கம்மா?" என்று கேட்டார்.

"சோபாப் பட்டறையில" என்று சொல்லி அட்டையை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, உட்காரச் சொன்னார்.